இரண்டு ஏக்கர் மேட்டு நிலம்: ராகியா, தக்காளியா, மாமரமா, தைலமரமா?

அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ குடியிருந்துகொண்டு, மாலூர், ஆனேக்கல், பாகலூர், தளி பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருவில் ஏராளம். அப்பா காலத்தில் ராகி விளைந்த நிலம். இப்போது சிலருடையது தரிசாகக் கிடக்கிறது, சிலருடையதில் தைலமரம் நிற்கிறது. இதில் என்ன வைக்கலாம் என்று ஊரில் கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். தக்காளியில் ஒரே சீசனில் கடனை அடைத்தவர் தக்காளி என்பார். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர் மா என்பார். அவரவர் நிலத்துக்கும் அந்த வருஷத்து மழைக்கும் அவை சரியான பதில்கள்தான்.

சிக்கல் அந்த வருஷத்து மழையில்தான் இருக்கிறது. பெங்களூருவின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 970 மி.மீ.; கோலார் பக்கம் போகப் போகக் குறையும். ஆனால் சராசரியை நம்பி யாரும் விதைப்பதில்லை. 2021 நவம்பரில் அறுவடைக்கு நின்ற ராகி மழையில் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. 2022-ல் பெங்களூரு நகரில் 1,700 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுக்காக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்தடுத்து மூன்று வருஷம், மூன்று விதமான அடி. எனவே 'எதில் அதிக லாபம்' என்று கேட்பதைவிட, இந்த மூன்று வருஷத்தையும் எது குறைந்த சேதத்தோடு தாண்டியிருக்கும் என்று கேட்பது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

கெட்ட வருஷத்து நட்டம். பயிர் முழுக்கப் போனால் கையிலிருந்து எவ்வளவு போகும்? ராகியில் போவது சில ஆயிரங்கள். தக்காளியில் போவது லட்சக் கணக்கு.

தண்ணீர் வேண்டிய மாதம். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். ஆகஸ்டில் கிடைக்கும் தண்ணீரும் ஏப்ரலில் கிடைக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரகம் மூன்றும் நிலத்தடி நீரை ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சும் மாவட்டங்கள்.

யார் அங்கே இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருகிறவரின் நிலமும், அங்கேயே படுத்து எழுகிறவரின் நிலமும் ஒரே பயிரைத் தாங்காது. பலர் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான்.

முதல் காசு வரும் காலமும், பின்வாங்கும் வழியும். தப்பான பயிரை வைத்துவிட்டால் அடுத்த வருஷமே மாற்ற முடியுமா, அல்லது ஜேசிபி வைத்து வேர் பிடுங்க வேண்டுமா?

| | ராகி + ஊடுபயிர் | சொட்டுநீரில் தக்காளி | மா | தைலமரம், மலைவேம்பு |
|---|---|---|---|---|
| ஏக்கருக்குப் போகும் பணம் | குறைவு, 4 மாதம் | மிக அதிகம், 4–5 மாதம் | நடுத்தரம், 4–5 வருஷம் பரவலாக | தொடக்கத்தில் மட்டும் |
| தண்ணீர் | மழை. ஒரு காப்புப் பாசனம் இருந்தால் நல்லது | தினமும் | முதல் 3–4 கோடைகள் | முதல் 1–2 வருஷம். பிறகு ஆழத்திலிருந்து தானே எடுக்கும் |
| ஆள் இருப்பு | விதைப்பு, களை, அறுப்பு நேரத்தில் | தினமும் | மாதம் சில நாள், பூக்கும் காலத்தில் கூடுதல் | வருஷத்தில் சில நாள் |
| முதல் வருமானம் | 4 மாதம் | 70–75 நாள் | 4–5 வருஷம் | 6–8 வருஷம் |
| பின்வாங்குவது | எளிது | எளிது, கடன் இல்லாவிட்டால் | கடினம் | மிகக் கடினம் |
| பெரிய ஆபத்து | அறுவடை மழை, யானை | விலை, நோய், போர்வெல் | பூக்கும் கால மழை, விலை | நீர்மட்டம், சட்டம் |

## ராகி: கொஞ்சம் கொடுக்கும், கவிழ்க்காது

ராகி சி4 வகைப் பயிர். வெயிலில் கிடைக்கும் ஒவ்வொரு சொட்டையும் நெல்லைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்தும். இடையில் இரண்டு மூன்று வாரம் மழை நின்றாலும் வாடி நின்று, அடுத்த மழையில் மறுபடி தூர் கட்டும். இந்தக் குணத்துக்காகத்தான் ஜிகேவிகே என்று நாம் சொல்லும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக இதைப் பிடித்துக்கொண்டு உழைக்கிறது. இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் கலந்து இண்டாஃப் வரிசையை உருவாக்கிய 'ராகி' லட்சுமணையாவின் வேலையும் கர்நாடகத்தில் நடந்ததுதான்.

இன்று முடிவெடுக்க வேண்டியது ரகத்தையும் விதைக்கும் தேதியையும் பற்றி. இரண்டையும் பிரிக்க முடியாது.

எம்ஆர்-6 போன்ற நீண்ட காலப் பயிர் 120–130 நாள் நிற்கும். ஜூலை நடுவுக்குள் விதைத்தாக வேண்டும். ஜிபியு-28, எம்எல்-365 ஆகியவை 105–115 நாள். ஜூலை முழுக்கவும் ஆகஸ்ட் நடுவரைக்கும் விதைக்கலாம். ஜிபியு-48 போன்ற குறுகிய காலப் பயிர் 95–100 நாள். ஆகஸ்ட் கடைசிவரை தாங்கும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும் கோ வரிசையும் கிடைக்கும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஜூலை 20-ல் விதைத்த ஜிபியு-28 நவம்பர் 10-ஐ ஒட்டி முற்றும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம் அது. 2021-ல் அடி வாங்கியதும் அந்தச் சமயத்தில்தான். ஜூலை முதல் வாரமே ஈரம் கிடைத்து விதைத்துவிட்டால் அக்டோபர் கடைசியில் அறுக்கலாம். முடியாவிட்டால் ஆகஸ்ட் முதல் பாதியில் அதே ரகத்தை விதைத்து டிசம்பர் தொடக்கத்தில் அறுப்பது, ஜூலை 20-ல் விதைப்பதைவிடச் சில வருஷங்களில் பாதுகாப்பு. ஆனால் பின்மழை சீக்கிரம் நின்றுபோனால் பால் பிடிக்கும் நேரத்தில் வறட்சி. இரண்டு ஏக்கர் இருந்தால் ஒரு ஏக்கரை முன்னதாகவும் மற்றதை மூன்று வாரம் தள்ளியும் விதைப்பதே புத்திசாலித்தனம். காப்பீடு எடுப்பதைவிட இது மலிவு.

ஏக்கருக்கு வேண்டியவை:

- விதை: வரிசை விதைப்புக்கு 4–5 கிலோ, நாற்று நடவுக்கு 2 கிலோ. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ.
- விதையைக் கடினப்படுத்துதல்: ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 6 மணி நேரம் ஊறல். வடித்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவைத்து, முளை எட்டிப் பார்க்கும் நேரத்தில் நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். முளைத்த பிறகு வரும் முதல் வறட்சியை இது தாங்கும்.
- தொழு உரம்: 4 டன்.
- ரசாயன உரம்: அடியுரமாக டிஏபி 35 கிலோ, யூரியா 8 கிலோ, பொட்டாஷ் 17–25 கிலோ. மேலுரமாக 30-ஆம் நாளை ஒட்டி யூரியா 22 கிலோ. மண்ணில் ஈரம் இருந்தால் மட்டுமே மேலுரம். ஈரமில்லாமல் தூவினால் அந்தப் பணம் காற்றில் போகும்.

தொழு உரத்தை விடுகிறவர்கள் அதிகம். ஜிகேவிகே-வில் 1978 முதல் நடக்கும் நீண்டகாலச் சோதனை வயலில் எருவும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட பாத்திகளே விளைச்சலைத் தக்கவைத்தன. ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தியில் மண்ணின் கரிமச்சத்து குறைந்து விளைச்சலும் இறங்கியது. இந்தச் செம்மண் மழை அடித்துக் காய்ந்தால் மேலே ஓடு கட்டிவிடும். முளை அதைக் கிழிக்க முடியாமல் சாகும். எரு போட்ட மண்ணில் ஓடு மெல்லியதாகக் கட்டும், தண்ணீரும் உள்ளே இறங்கும்.

ஊடுபயிர் இல்லாத ராகியைப் பரிந்துரைக்க மாட்டோம். எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் துவரை, அல்லது எட்டுக்கு ஒரு சால் அவரை. துவரையில் பிஆர்ஜி வரிசை, அவரையில் ஹெப்பால் அவரை எனப்படும் ஹெச்ஏ வரிசை. ராகி போனாலும் துவரையின் ஆணிவேர் ஆழ ஈரத்தைப் பிடித்து ஜனவரியில் ஏதாவது கொடுக்கும். அவரைக்காய்க்கு டிசம்பர், ஜனவரியில் பெங்களூருவில் இருக்கும் கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை.

வரவு? மானாவாரியில், சுமாரான மழைக்கு 6–10 குவிண்டால். 8 என்று வைத்து, 2025–26-க்கு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,886 ரூபாயால் பெருக்கினால் 39,088 ரூபாய். 2022–23-ல் இதே ஆதரவு விலை 3,578. தானியத்தோடு ஒன்றரை டன் அளவு தட்டை கிடைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் வாசலுக்கே வந்து வாங்குவார்கள். எல்லா வேலையையும் கூலிக்கே செய்தால் செலவு இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆக, ராகி யாரையும் பணக்காரர் ஆக்காது. ஆனால் அறுத்த தானியத்தை 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து மூட்டை கட்டினால் வருஷக் கணக்கில் கெடாது. விலை படியவில்லை என்றால் விற்காமல் வைத்திருக்கலாம். தக்காளிக்காரருக்கு அந்த வசதி ஒரு வாரம்கூடக் கிடையாது.

மறைந்திருக்கும் செலவுகள் நாலு. முதலாவது களை: முதல் 30 நாள் விட்டுவிட்டால் விளைச்சலில் பெரும்பகுதி போச்சு. இரண்டாவது அறுவடை: இயந்திரம் வைத்தால் கூலி மிச்சம், ஆனால் தட்டை நொறுங்கி விலை போகாது. மூன்றாவது யானை: பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வரை ராகி பழுக்கும் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்குவது வருஷா வருஷம் நடப்பது, காட்டோரம் நிலம் இருந்தால் காவலுக்கு ஆள் இல்லாமல் ராகி வேண்டாம். நாலாவது காகிதம்: கர்நாடகத்தில் ஆதரவு விலைக்கு விற்க, நில உரிமையாளர் பெயரில் 'ஃப்ரூட்ஸ்' என்னும் விவசாயிகள் பதிவேட்டின் அடையாள எண் வேண்டும், பயிர்க் கணக்கெடுப்பில் ராகி என்றே பதிவாகியிருக்க வேண்டும். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்கிறவர் தன் பெயரில் விற்க முடியாது. அங்கே விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையே சட்டம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை என்பதால் எல்லாம் வாய்ப் பேச்சில்தான் ஓடுகிறது. கணக்கை விதைப்புக்கு முன்பே பேசிவிடுங்கள்.

## தக்காளி: போர்வெல்லை ஏப்ரலில் கேட்டுப் பாருங்கள்

கோலார் மண்டியில் 15 கிலோ பாக்ஸ் 2,000 ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையைப் பார்த்துவிட்டுத் தக்காளிக்கு இறங்கியவர்கள் பலர். அந்த விலை ஏறியதற்குக் காரணம் வெயிலிலும் மழையிலும் பெரும்பாலானவர்களின் தோட்டம் போனது. அதாவது விலை ஏறும் மாதத்தில் சராசரி விவசாயியிடம் காய் இருக்காது. எல்லோரிடமும் காய் இருக்கும் மாதத்தில் விலை இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

நாலடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 7,260 நாற்று. சொட்டுநீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட், குச்சி, கம்பி, கட்டும் கூலி, மருந்து எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வையுங்கள். 20 டன் எடுத்தால் 1,333 பாக்ஸ். பாக்ஸுக்கு 150 ரூபாய் வந்தால்தான் போட்ட பணம் திரும்பும். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் அதற்கு மேல். பறிப்புக் கூலிக்கே விலை கட்டாமல் செடியிலேயே விட்டுவிடும் வாரங்கள் கோலாரில் புதிதல்ல.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கறாரானது. உச்ச வெயிலில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். சொட்டுநீரில் வேர்ப் பகுதி மட்டும் நனைவதால் 12,000–14,000 லிட்டரில் முடிக்கலாம். உங்கள் போர்வெல் இதைத் தருமா என்று மழைக்காலத்தில் பார்க்கக் கூடாது. ஏப்ரல் கடைசியில் மோட்டாரை 4 மணி நேரம் விடாமல் ஓட்டி, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொரு மணிக்கும் குறியுங்கள். 2 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர், போதும். தொடக்கத்தில் 2 நிமிடம், மூன்றாம் மணியில் 5 நிமிடம் என்று இழுத்தால் அந்தப் போர் ஒரு ஏக்கர் தக்காளியைத் தாங்காது. மூன்று ஃபேஸ் மின்சாரம் நாளில் சில மணி நேரமே வரும் என்பதையும், அதில் ஒரு பகுதி ராத்திரியில் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆழமாகத் துளைக்கலாம் என்று சொல்வார்கள். கோலாரில் 1,000 அடிக்குக் கீழே போயும் வெறும் தூசி வந்த குழிகள் எத்தனையோ. வந்த தண்ணீரிலும் பல இடங்களில் ஃபுளோரைடு இருக்கும்.

பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் கே.சி. பள்ளத்தாக்குத் திட்டத்தில் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். அந்த ஏரிகளை ஒட்டிய போர்வெல்களில் மட்டம் ஏறியது உண்மை. ஆனால் ஏரித் தண்ணீரை நேரடியாக இறைக்கக் கூடாது. ஊற வைப்பதற்கே அது. சுத்திகரிப்பு இரண்டாம் நிலையோடு நிற்பதால், அருகில் போர்வெல் இருந்தால் உப்புத் தன்மையும் நைட்ரேட்டும் ஒரு தரம் பரிசோதியுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் தக்காளி விளைச்சல் இறங்கத் தொடங்கும்.

நோய் விஷயத்தில் மூன்றே எச்சரிக்கை. இலைச் சுருள் வைரஸை வெள்ளை ஈ கொண்டுவரும், கோடை நடவில்தான் அதிகம். வாடல் நோயா என்று சந்தேகம் வந்தால் தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். பால் நூல்போல வெளுப்பாக இறங்கினால் பாக்டீரியா வாடல், மருந்து அடித்துப் பயனில்லை. கத்தரி, மிளகாய், உருளைக்குப் பின்னால் தக்காளி வைத்தால் இது நிச்சயம்போலத்தான். ராகிக்குப் பின்னால் வைத்தால் வெகுவாகக் குறையும். மூன்றாவது டூட்டா என்னும் இலைதுளைப்பான், இந்தியாவில் முதன்முதலில் 2014-ல் தென்பட்டது; பொறி வைத்துக் கவனிக்காமல் அட்டவணைப்படி மருந்தடிப்பவர் செலவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா அபேத் கலப்பினங்கள் இலைச் சுருள், வாடல், கருகல் ஆகியவற்றைத் தாங்கும். காய்த்துளைப்பானுக்கு 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி; செண்டுமல்லி நாற்று 45 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதில் நட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும்.

நிலத்திலேயே ஆள் இருந்து, ஏப்ரல் சோதனையில் போர்வெல் தேறி, இரண்டு சீசன் நட்டத்தைக் கடன் வாங்காமல் தாங்க முடிந்தால் அரை ஏக்கரில் தொடங்குங்கள். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். பெங்களூருவில் வேலையும் மாலூரில் தக்காளியும் என்பது ஃபோனில் நடத்தும் விவசாயம். வெள்ளிக்கிழமை தெரிந்த கருகல் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதித் தோட்டத்தைத் தின்றுவிடும்.

## மா: ராகிக்கு எதிரி அல்ல

'ராகியா மாவா' என்று கேட்பவர்கள் கவனிக்காத ஒன்று: 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரம்தான். முதல் ஐந்தாறு வருஷம் நடுவில் ராகியோ கொள்ளோ தாராளமாகப் பயிர் செய்யலாம். 5 மீட்டர் அடர் நடவில் 160 மரம் வைத்தால் சீக்கிரம் காய் வரும், ஊடுபயிர் சீக்கிரம் நின்றுபோகும், வருஷா வருஷம் கவாத்து செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்பவருக்கு 10 மீட்டரே சரி.

மூன்றடிக் கனசதுரக் குழி. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாவிட்டால் ஐந்தாம் வருஷம் உங்களிடம் இருப்பது நாட்டு மரம். முதல் மூன்று வருஷப் பூவை உதிர்த்துவிடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை மரத்துக்கு வாரம் 20 லிட்டர் ஊற்றினால் 40 மரத்துக்கு 800 லிட்டர். போர்வெல்லே இல்லாதவர்கூடச் சமாளிக்கும் அளவு இது.

பிரச்சினை பூக்கும் காலத்தில். மரம் பூக்க முன்பனிக் காலத்தில் வறண்ட குளிர் வேண்டும். நவம்பர், டிசம்பரில் மழை நீண்டால் பூவுக்குப் பதில் தளிர் விடும். பூத்த பிறகு மழை பெய்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் வந்து பூ கருகும். பருவம் தப்பிய மழை கூடுவதால் இது வருஷத்துக்கு வருஷம் நிச்சயமற்றதாகிறது.

விலையிலும் அடி உண்டு. பெங்களூரா என்கிற தோத்தாபுரி கூழ் ஆலைகளை நம்பி நிற்கும் ரகம். 2025 கோடையில் விலை சரிந்து, கர்நாடகத்தில் 2.5 லட்சம் டன் வரை குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டு விலை வைக்கும் நிலை வந்தது. இருபது மரம் தோத்தாபுரி என்றால் மீதி இருபதில் செந்தூரா, மல்லிகா, பாதாமி என்று சாப்பிடும் ரகங்களைக் கலந்து வையுங்கள். வரப்போரம் நாலைந்து பலா, புளி. பலாவுக்குக் கிட்டத்தட்ட எந்தப் பராமரிப்பும் இல்லை. ஆனால் யானைப் பாதையில் பலா நடுவது விருந்துக்கு அழைப்பதுதான்.

பூக்குத்தகை (பூக்கும்போதே அந்த வருஷத்துக் காயைக் குத்தகைக்கு) விடும்போது ஒரு நிபந்தனையை எழுதி வாங்குங்கள்: கல்டார் என்னும் பூக்கவைக்கும் மருந்தை (பக்லோபியூட்ரசால்) ஊற்றக் கூடாது, அல்லது நீங்கள் சொல்லும் அளவுக்கு மேல் கூடாது. ஒரு வருஷக் குத்தகைக்காரருக்கு அந்த வருஷத்துக் காய் போதும். அளவு மீறிய பக்லோபியூட்ரசால் மண்ணில் தங்கி, அடுத்தடுத்த வருஷங்களில் கிளை வளராமல் மரம் குறுகுவதைப் பார்க்கப்போவது நீங்கள்தான்.

## தைலமரமும் மற்ற தடிமரங்களும்

கர்நாடகத்தில் 2017-லேயே புதிதாகத் தைலமரம் நடத் தடை வந்துவிட்டது. மாலூரிலும் ஆனேக்கல்லிலும் நிலம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஓசூர்ப் பக்கம் பட்டா நிலத்தில் இன்னும் நடுகிறார்கள்.

'தண்ணீரை உறிஞ்சும் மரம்' என்பது வெறும் ஊர்ப் பேச்சா? 1990-களில் நீரியல் ஆய்வாளர் இயன் கால்டரின் குழு ஹொசகோட்டேயிலும் ஷிவமொக்கா பக்கமும் அளந்து பார்த்தது. ஆழமில்லாத மண்ணில் தைலமரம் செலவழித்த தண்ணீர் அங்கிருந்த இயற்கையான இலையுதிர் காட்டைவிட அதிகமில்லை. ஆனால் ராகியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹொசகோட்டேயின் ஆழமான மண்ணில் மட்டும், பெய்த மழையைவிடவே அதிகம் செலவானது. வேர் ஆழத்துக்குப் போய், முன்பு சேர்ந்திருந்த ஈரத்தை எடுத்தது. மரத்தை வெட்டி வேரைப் பிடுங்கினாலும் காலியான அந்த ஆழத்து மண் நிறையச் சில மழைக்காலம் ஆகும். அதுவரை கிணற்றுக்கு ஊற்று எதிர்பார்க்க முடியாது.

ஏற்கெனவே தைலமரம் நிற்பவர்கள் முழுவதையும் ஒரே வருஷம் பிடுங்க வேண்டியதில்லை. வெட்டும் சுற்று முடிந்ததும் பாதியில் கட்டையைத் தோண்டி எடுத்து, முதல் வருஷம் கொள்ளு, அடுத்த வருஷம் எரு போட்டு ராகி. மாற்றாகச் சொல்லப்படும் மலைவேம்புக்கு 6–7 வருஷத்தில் பிளைவுட் ஆலையில் விலை உண்டு. ஆனால் முதல் இரண்டு வருஷம் தண்ணீர் கேட்கும், காற்றில் ஒடியும், மூன்றாம் வருஷத்திலிருந்து நிழல் விழுந்து ராகி வராது. வேலியோரத்தில் வைக்க நல்லது. முழு நிலத்துக்கு வைப்பதென்றால், பத்து வருஷம் அந்தப் பக்கமே போக முடியாத குடும்பத்துக்கு மட்டும்.

## எதை வைத்தாலும் ஒரு குட்டை

மேலே 12 மீட்டருக்கு 12, அடியில் 6-க்கு 6, ஆழம் 3 மீட்டர். இப்படி ஒரு பண்ணைக் குட்டை வெட்டினால் 252 கன மீட்டர், அதாவது இரண்டரை லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கர் ராகிக்கு 5 செ.மீ. காப்புப் பாசனம் ஒருமுறை கொடுக்க வேண்டியது 2 லட்சம் லிட்டர். பூட்டை (கதிர்) வெளிவரும் நேரத்தில் மழை தவறினால் இந்த ஒரே தண்ணீர் பயிரைக் காப்பாற்றும். நடப்பது என்னவென்றால், செம்மண் தண்ணீரை நிறுத்தாது. ஷீட் விரிக்காத குட்டை ஒரு வாரத்தில் வற்றும். இந்த அளவுக் குட்டைக்கு ஓரம் புதைப்பதையும் சேர்த்து 250 சதுர மீட்டர் ஷீட் வேண்டும். ஆவியாகிப் போவது மாதம் 20 கன மீட்டர் அளவுதான், அது பெரிய இழப்பல்ல. நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டி, தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டல் படியச் சின்னக் குழி ஒன்றும் வையுங்கள். சுற்றி வேலி கட்டாயம். ஷீட் வழுக்கும், விழுந்த பிள்ளையோ ஆடோ தானாக ஏற முடியாது. கர்நாடகத்தில் கிருஷி பாக்கியத் திட்டத்தில் மானியம் உண்டு, வெட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் தானியத்துக்கு விவசாயி பங்கு 2 சதவீதம், தோட்டப் பயிருக்கு 5 சதவீதம். இழப்பை ஊர் அளவில் கணக்கிடுவதால் உங்கள் வயல் மட்டும் காய்ந்தால் பெரும்பாலும் எதுவும் வராது.

## மழை தவறும் வருஷத்துக்கான தேதிகள்

ஜூலையில் ஈரம் வராவிட்டால் நீண்ட காலப் பயிரின் விதையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வார இடைவெளியில் இரண்டு நாற்றங்கால் விடுங்கள். 21–25 நாள் நாற்று கையில் இருந்தால் ஆகஸ்டில் வரும் முதல் நல்ல மழையில் நடலாம். ஆகஸ்ட் 15 தாண்டினால் குறுகிய கால ரகம் மட்டும். துவரையை அதற்குப் பின் விதைத்தால் செடி வளராது; அந்தச் சாலில் அவரை. செப்டம்பர் பிறந்தும் நிலம் காலியாக இருந்தால் ராகியை மறந்துவிட்டுக் கொள்ளு: ஏக்கருக்கு 8 கிலோ, பையூர் ரகம் கிடைத்தால் நல்லது, செப்டம்பர் கடைசிவரை விதைக்கலாம். உரம் வாங்க வேண்டாம். காய் கொஞ்சமாக வந்தாலும் கொடி மாட்டுக்கு ஆகும், மண் மூடியிருக்கும், அடுத்த மே மாதம் உழவுக்கு நிலம் இறுகாமல் இருக்கும்.